ஒரு காது மட்டும் ஊமையா? பல ஹெட்போன் வைத்திருப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒரே ஒரு ஹெட்போன் வைத்திருப்பவருக்குச் சத்தம் கெட்டால் குற்றவாளி யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஹெட்போனா, கேபிளா, போனா, பாட்டின் பதிவே அப்படித்தானா? நாலைந்து வைத்திருப்பவருக்கு அலமாரியிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு மட்டுமே வரும் தொல்லைகளும் உண்டு. ஒன்றின் கேபிள் இன்னொன்றில் ஏறும். ஒன்றுக்காகப் போட்ட ஈக்வலைசர் (பேஸ், குரல் போன்றவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மற்றதிலும் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றி மாற்றிச் செருகியே ஜாக் தளர்ந்துபோகும். டிரைவர், அதாவது கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகம், தானாகச் சாவது அபூர்வம். கெடுவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சேரும் இடம்தான்.

அதனால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் ஆம்பையும் (ஹெட்போனுக்கான ஒலிபெருக்கி) சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, பிளாஸ்டிக் இடுக்கி, சந்தேகமே இல்லாமல் நன்றாக இருக்கும் கேபிள் ஒன்று. போனில் மூன்று சோதனை ஒலிகள்: இடது வலது தனித்தனியாக வருவது, இரு பக்கமும் ஒன்றாக வரும் மோனோ பிங்க் நாய்ஸ் (மழை போல ஒரே சீரான இரைச்சல்), 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப்.

ஒரு பக்கம் சுத்தமாகக் கேட்கவில்லை

முதலில் அதே ஜாக்கில் வேறு ஹெட்போனைச் செருகுங்கள். அதிலும் அதே பக்கம் ஊமை என்றால் பிழை ஆம்பிலோ டாங்கிளிலோ (போனில் செருகும் ஹெட்போன் மாற்றி) போனின் அமைப்பிலோ இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல் வசதிகள் பகுதியில் இடது-வலது சமநிலைக் கோடு ஒன்று உண்டு. அது ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ஹெட்போன் நன்றாகக் கேட்டால் பிழை முதல் ஹெட்போனில் அல்லது அதன் கேபிளில். கேபிள் இரு கப்புக்கும் தனித்தனியாகப் போகும் வகையாக இருந்தால், சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 போல, இடது பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகுங்கள். ஊமை இடம் மாறினால் கேபிள் போய்விட்டது. மாறாமல் அதே கப்பிலேயே நின்றால் கப்பின் சாக்கெட் அல்லது டிரைவர். இந்த சென்ஹைசர் பிளக்கின் இரு பின்களில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. நேராகப் பிடித்துத் தள்ள வேண்டும். திருப்பி அழுத்தினால் பின் வளையும்.

கேபிள் ஒரு கப்பில் மட்டும் நுழையும் வகையில் கதை வேறு. சோனி எம்டிஆர் 7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் எல்லாமே இடது கப்பில்தான் கேபிளை வாங்குகின்றன. வலது பக்கத்துக்கான கம்பி தலைப்பட்டை வழியாகப் போகிறது. இடது நன்றாகக் கேட்டு வலது மட்டும் விட்டுவிட்டு வந்தால், பிளக்கைச் சோதித்த கையோடு மடங்கும் மூட்டையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். 7506இல் அந்த இடத்தில் கம்பி வெளியிலேயே தெரியும். மடக்கி மடக்கிப் பைக்குள் போடுபவர்களுக்கு முதலில் அறுவது அதுதான்.

கழற்ற முடியாத கேபிளுக்கு மல்டிமீட்டர். ஓம் அளவில் வைத்து, 3.5 மிமீ பிளக்கின் நுனிக்கும் அடிவளையத்துக்கும் இடையே தொட்டால் இடது. நடுவளையத்துக்கும் அடிவளையத்துக்கும் இடையே தொட்டால் வலது. இது மைக் இல்லாத மூன்று பகுதிப் பிளக்குக்கு. 7506 என்றால் 63 ஓமை ஒட்டியும், 250 ஓம் டிடி 770 என்றால் 250ஐ ஒட்டியும் வரும். பெட்டியில் அச்சிட்ட எண்ணே அப்படியே வராது, ஏனென்றால் அது மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கான தடை), மீட்டர் காட்டுவது நேர்மின் தடை. இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எல்லையற்றது என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. தொடும்போது ‘டிக்’ என்று மெல்லக் கேட்டால் அந்த டிரைவர் உயிரோடு இருக்கிறது.

மீட்டரைத் தொட்டபடியே கேபிளைப் பிளக்கின் கழுத்திலிருந்து தொடங்கி விரல் விரலாக வளைத்து வாருங்கள். எண் குதிக்கும் இடம்தான் முறிவு. பெரும்பாலும் பிளக்கிலிருந்து முதல் 3 செமீக்குள் இருக்கும். அந்த இடத்துக்கு அப்பால் 2 செமீ விட்டு வெட்டிப் புதுப் பிளக் சாலிடர் செய்யுங்கள். உள்ளே வண்ணம் பூசிய மெல்லிய இழைகள் இருந்தால் அந்த வண்ணமே காப்பு. அதைச் சூடான சாலிடர் முனையில் ஈயத்தோடு சில நொடி பிடித்து எரித்தால்தான் ஒட்டும். ஒட்டாத வேலை இரண்டு நாளில் மறுபடி வாசலுக்கு வரும். சிவப்பு வலது என்பது பொதுவான வழக்கம்தான், சட்டம் இல்லை; ஒவ்வொரு இழையையும் மீட்டரில் உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள். பிளக்கை சென்னை ரிச்சி தெரு மாதிரியான மின்னணுச் சந்தையில் வாங்கும்போது கேபிளின் தடிமனைச் சொல்லி வாங்குங்கள். 6 மிமீ துளைப் பிளக்கில் 2 மிமீ கேபிளைப் போட்டால் பிடிமானமே இருக்காது.

இசை கேட்கிறது, பாடகரைக் காணோம்

எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் கேட்கும், நடுவில் பாடும் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனது போல இருக்கும். இது டிரைவர் பழுதே இல்லை. இரு பக்கத்துக்கும் பொதுவான தரைக் கம்பி தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது மின்னோட்டம் இடது டிரைவர் வழியாகப் போய் வலது வழியாகத் திரும்புகிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி, அதாவது நடுக் குரல், அடிபட்டுப்போய் வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது.

காரணங்கள் மூன்று. பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. தடித்த போன் உறையால் இது அடிக்கடி நடக்கும். அல்லது தரைக் கம்பி அறுந்திருக்கிறது. அல்லது மைக் வைத்த நான்கு பகுதிப் பிளக்கின் வரிசை பொருந்தவில்லை. இன்றைய போன்கள் பின்பற்றும் சிடிஐஏ முறையில் மூன்றாவது பகுதி தரை, அடிப்பகுதி மைக். பழைய நோக்கியா போன்களோடு வந்த ஓஎம்டிபி முறையில் இவை தலைகீழ். பழைய மைக் கேபிளைப் புது ஹெட்போனில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கு இது வரும். கேபிளின் மைக் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் குரல் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம், வரிசைதான் பிழை.

இரு பக்கமும் கேட்கிறது, ஆனால் பேஸ் செத்துக் குரல் தலையைச் சுற்றுகிறது

கேபிள் மாற்றும் பழக்கம் உள்ளவர்களின் தனிச் சொத்து இந்தப் பிழை. 0.78 மிமீ இருபின் இயர்போனில் (கேபிளின் இரண்டு மெல்லிய பின்கள் செருகும் வகை) ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால், ஒரு டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கீழ் ஸ்தாயி சேராது. மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாக இருக்கும், தொப்பியில் அடிநாதமான கும்கி இருக்காது.

மோனோ பிங்க் நாய்ஸைப் போடுங்கள். சரியாக இருந்தால் இரைச்சல் நெற்றி நடுவில் ஒரு புள்ளி போல நிற்கும். தப்பாக இருந்தால் இரு காதுக்கும் வெளியே பரவும். ஒரு பக்கத்துப் பிளக்கை மட்டும் 180 பாகை திருப்பிச் செருகி மறுபடி கேளுங்கள். பிளக்கில் இடது-வலது எழுத்தையும் நேர்முனைப் புள்ளியையும் நெயில் பாலிஷில் நீங்களே குறித்துவைத்தால் அடுத்த முறை இந்த வேலை இல்லை.

எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டமான இயர்போன் இணைப்பில் இந்தத் தலைகீழ்ப் பிரச்சினை வராது, அதற்குப் பதிலாக விட்டுவிட்டுக் கேட்கும். அது சுழலும் இணைப்பு, சுழலச் சுழல நடுப்பின் தேயும். ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல் இரண்டு நகங்களை இடைவெளியில் நுழைத்து நேராகப் பிரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பின் அளவு ஒன்று என்பதால் கேபிள் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஒரே 3.5 மிமீ பிளக்கை இரு கப்பிலும் கேட்கும் ஹெட்போன்களிலும் உள்ளே கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எம்50எக்ஸ் கேட்பது 2.5 மிமீ, அதிலும் திருகிப் பூட்டும் வகை. பூட்டு வடிவம் இல்லாத 2.5 மிமீ கேபிள் உள்ளே போனாலும் நிற்காது.

பேஸ் மெலிந்துவிட்டது

மேலே சொன்ன பிங்க் நாய்ஸ் சோதனையில் தேறிவிட்டதா? அப்படியானால் காற்றுக் கசிவு. மூடிய ஹெட்போனில் இரு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் உடனே எழுந்தால் இயர்பேட் சரியாக உட்காரவில்லை. கண்ணாடிக் கம்பி, தடித்த முடி, தட்டையாகிப்போன நுரை, இவை மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

செயற்கைத் தோல் பேட் உரிந்து கறுப்புத் தூளாக உதிர்வது நம் ஊர்களில் சீக்கிரமே நடக்கும். அந்தப் பாலியூரித்தேன் பூச்சைக் காற்றின் ஈரமே சிதைக்கிறது. அதிகம் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். பல ஜோடி வைத்திருப்பவர்களுக்கு இது புரியாத கோபம்: தொடவே இல்லையே, எப்படிப் போனது? ஆல்கஹாலால் துடைப்பது இன்னும் வேகமாக்கும். ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

மாற்றும்போது ஒரு விஷயம். பேட் என்பது மெத்தை மட்டும் இல்லை, ஒலியின் ஒரு பாகம். மூடிய ஹெட்போனில் தோல் பேடுக்குப் பதில் வெல்வெட் பேட் போட்டால் பேஸ் கசிந்து குறையும். தடித்த பேட் போட்டால் டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போய்க் குரலின் தொனி மாறும். விலை குறைவு என்று வேறு வகை பேடை வாங்கிப் போட்டுவிட்டு ஹெட்போனைக் குறை சொல்வது நியாயமில்லை. பழைய பேடைக் குப்பையில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்து ஒப்பிடுங்கள்.

இயர்போனில் கசிவு என்றால் காதுக்குள் நுழையும் டிப்பின் அளவு. இரு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்கும் என்று எதுவும் சட்டமில்லை. ஒன்றில் நடுத்தரம், மற்றதில் பெரியது போடுவதில் வெட்கம் வேண்டாம்.

பேஸ் வரும்போது கொரகொரப்பு

ஸ்வீப்பை ஓடவிட்டு எந்த இடத்தில் கொரகொரக்கிறது என்று கவனியுங்கள். ஒரே இடத்தில், ஒரே பக்கம், சத்தம் குறைவாக இருந்தாலும் வருகிறது என்றால் டிரைவர் மேல் முடி கிடக்கிறது. ஆம், ஒரே ஒரு தலைமுடி போதும். பேடைக் கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய நுரைத் தட்டை எடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் இடுக்கிதான் வேண்டும். இரும்பு இடுக்கியை டிரைவரின் காந்தம் வெடுக்கென்று இழுக்கும், சவ்வில் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. ஊதும் கருவி, வாக்குவம் கிளீனர் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சவ்வு மைக்ரான் கணக்கில் மெல்லியது.

சத்தம் ஏற்றினால் மட்டும், இரு பக்கமும் வருகிறது என்றால் அது வெட்டுப்படுதல் (கிளிப்பிங்), அதாவது எல்லை மீறிய ஒலியலையின் நுனி நறுக்கப்படுவது. ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏற்றியிருந்தால் அதன் முன்பெருக்கத்தை (ப்ரீஆம்ப்) 6 டெசிபல் இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் டிரைவர் கிழிந்துவிட்டது என்று கடைக்கு ஓடுபவர்கள் உண்டு.

இயர்போனைக் காதில் வைத்து அழுத்தும்போது மட்டும் ‘படக்’ என்று காகிதம் மடங்கும் ஒலி வந்தால் அடைபட்ட காற்று சவ்வை வளைக்கிறது. பழுது இல்லை. காது மடலைப் பின்னால் இழுத்தபடி மெல்ல நுழையுங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

இயர்போன் என்றால் முனையின் வலையைப் பாருங்கள். மெழுகு கொஞ்சம் படிந்தாலே மேல் ஸ்தாயி முதலில் மறையும், பிறகு மொத்தமும் குறையும். முனை தரையைப் பார்க்கும்படி பிடித்து உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டித் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் தூசி உள்ளேதான் போகும். ஆல்கஹாலை முனையில் ஊற்றக் கூடாது, உள் வடிகட்டியின் பசை கரையும்.

வலை சுத்தமாக இருந்தும் காலையில் சரி, அரைமணி கேட்டதும் ஒரு பக்கம் குறைகிறது என்றால் காதின் ஈரம் உள்ளே குளிர்ந்து நீராகிறது. ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது இது அதிகம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம், மாவுத் தூள் வலையை அடைக்கும்.

சத்தத் திருகைக் கீழே வைத்தால் மட்டும் ஒரு பக்கம் சாய்கிறது, ஏற்றினால் சரியாகிறது: இது ஆம்பின் திருகு. இரட்டைத் தடம் கொண்ட சாதாரணத் திருகில் அடிப்பகுதியில் இரு தடமும் ஒத்துப்போகாது. ஆம்பின் கெயினை (பெருக்கும் அளவை) குறைத்து, போனில் டிஜிட்டல் சத்தத்தையும் சற்று இறக்கி, திருகை மேலே கொண்டுபோய்ப் பயன்படுத்துங்கள். திருப்பும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை முழுதாகத் திருப்புங்கள்.

இதற்குச் சத்தம் போதவில்லை, அதற்கு இரைகிறது

ஒரே டாங்கிளில் ஒரு ஹெட்போன் முழு வால்யூமிலும் முனகுகிறது, ஒரு இயர்போன் பாட்டு இல்லாதபோதும் ‘ஸ்ஸ்’ என்கிறது. இரண்டுமே பழுதில்லை. உணர்திறன் எண்ணை (எவ்வளவு சத்தம் தரும் என்று பெட்டியில் சொல்லும் டெசிபல்) ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: ஒரு நிறுவனம் ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லும், இன்னொன்று ஒரு வோல்ட்டுக்குச் சொல்லும். மில்லிவாட் எண்ணை வோல்ட் எண்ணாக மாற்ற, 32 ஓமுக்கு 15 டெசிபல் கூட்டுங்கள். 300 ஓமுக்கு 5 மட்டுமே. அதனால்தான் காகிதத்தில் ஒரே எண் கொண்ட இரண்டில் 300 ஓம்காரர் போனில் மெலிகிறார்.

ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் ஆண்ட்ராய்டு போனில் அநியாயத்துக்குச் சத்தம் குறைவாக இருந்தால், டாங்கிளின் உள் வால்யூம் கீழேயே நின்றுவிட்டது. அதை நேரடியாக ஆளும் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலியில் சரியாகும். அதன் ஐரோப்பியப் பதிப்பு வேறு. வெளியீடே பாதி வோல்ட்தான், செயலியால் ஏறாது.

பாலன்ஸ்டு வெளியீட்டை, அதாவது இரு பக்கத்துக்கும் தனித்தனிச் சுற்று கொண்ட துளையை, தொடும் முன் இதைப் படியுங்கள். 4.4 மிமீ துளையிலிருந்து சாதாரண 3.5 மிமீ ஹெட்போனுக்கு மாற்றும் அடாப்டர் போடவே கூடாது. அந்த வெளியீட்டில் இடதின் எதிர்முனையும் வலதின் எதிர்முனையும் தனித்தனியாக ஓட்டப்படுகின்றன, 3.5 பிளக் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு ஆம்பைச் சுட்டுவிடலாம். எதிர்த் திசை, அதாவது பாலன்ஸ்டு கேபிளைச் சாதாரண 3.5 துளையில் மாட்டும் அடாப்டர், ஆபத்தில்லாதது.

நேற்று நன்றாக இருந்தது, இன்று பிடிக்கவில்லை

இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய ‘பழுது’ இதுதான். எதையும் கழற்றும் முன் ஈக்வலைசரைத் திறந்து பாருங்கள். கணினியில் ஓடும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் ஒலி வெளியிடும் கருவியைத்தான் அறியும், அதில் மாட்டிய ஹெட்போனை அறியாது. எச்டி 650க்காகக் கீழ் பேஸை ஏற்றிய கோப்பு, அதே டாக்கில் (டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு மாற்றித் தரும் கருவி) டிடி 770ஐ மாட்டும்போதும் ஓடும், ஏற்கெனவே பேஸ் கனத்தது மேலும் கனத்துச் சேறாகும். போனில் வேவ்லெட் என்ற ஈக்வலைசர் செயலி போட்டிருப்பவர்களுக்கும் இதே கதை. ஒவ்வொரு ஹெட்போனின் பெயரிலும் ஒரு கோப்பு, அதோடு ‘எதுவும் இல்லை’ என்று ஒரு வெற்றுக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் வெற்று.

ஈக்வலைசர் குற்றமற்றது என்றால் அடுத்த சந்தேக நபர் உங்கள் பழக்கம். டிடி 990 போல மேல் ஸ்தாயி தூக்கிய ஒன்றை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எச்டி 650க்கு வந்தால் போர்வைக்குள் பாடுவது போலிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கேளுங்கள், காது இறங்கிவரும். பிறகு தீர்ப்பு.

மூன்றாவது, சத்த அளவு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். இரண்டை ஒப்பிட வேண்டுமானால் ஒரு தடித்த அட்டையில் போன் மைக் அளவுக்குத் துளை போட்டு, பேடை அதன்மேல் கசிவின்றி அழுத்தி, பிங்க் நாய்ஸை ஓடவிட்டு, ஒலி அளவுச் செயலியில் இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அந்த எண் எத்தனை டெசிபல் என்பது முக்கியமில்லை, போன் மைக் அதைத் துல்லியமாகச் சொல்லவும் சொல்லாது. இரண்டும் ஒத்தால் போதும். இதைச் செய்த பிறகு விற்க நினைத்த ஹெட்போன் அலமாரிக்கே திரும்புவது வழக்கம்.

புளூடூத் தொல்லைகள், சுருக்கமாக

கணினியில் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்ததும் பாட்டு பழைய டெலிபோன் போலாகிறது: மைக் திறந்ததால் அழைப்பு முறைக்கு மாறி, ஒலி மோனோவாகி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரிக்கு இறங்கிவிட்டது. கணினியின் மைக்கையே உள்ளீடாகத் தேர்ந்தெடுங்கள். வேறு போனுக்குத் தாவுகிறது என்றால் பழைய இணைப்பை அந்தப் போனில் ‘மறந்துவிடு’ கொடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத ஹெட்போனைப் பாதி சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் உறங்கிய லித்தியம் பேட்டரி எழுந்திருக்காமலே போகலாம்.

சார்ஜர் செருகினால் மட்டும் ரீங்காரம்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் தரை இணைப்புப் பிரச்சினை. மூன்று பின் சார்ஜரும், தரைக்கம்பி உண்மையிலேயே இணைத்த சுவர்ப் பிளக்கும் இருந்தால் பெரும்பாலும் அடங்கும்.

எல்லா ஹெட்போனிலும் ஒரே காதில் குறைவு

ஹெட்போனைத் திருப்பி, இடது கப்பை வலது காதில் வையுங்கள். குறைவு கப்போடு போகாமல் அதே காதில் நின்றால், ஹெட்போன், கேபிள், ஆம்ப் எல்லாம் விடுதலை. மெழுகு அடைப்பாகவோ சளியாகவோ இருக்கலாம். காதுக்குள் குச்சி விட்டுத் துழாவினால் மெழுகு இன்னும் உள்ளே போகும். ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஒரே இரவிலோ மந்தமாகிவிட்டால் மெழுகுதான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே அல்லது மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்ச் செவிப்புலன் இழப்புக்கான மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.